லாரிப் பட்டறை மகளுக்குக் கடலில் என்ன வேலை?

இந்த முறை கடிதம் சேலத்திலிருந்து வந்திருக்கிறது. எழுதியவர் விலங்கியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் மாணவி, வயது 21. பெயர், தெரு, கல்லூரி எதுவும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அவற்றை எடுத்துவிட்டு, ஏழு பக்கக் கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அப்பா பைபாஸ் ஓரத்தில் லாரி மெக்கானிக் பட்டறை வைத்திருக்கிறார். அம்மாவுக்கு வீட்டிலிருந்தே கொலுசு வேலை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் வடிந்த பிறகு திருவொற்றியூரில் இருக்கும் சித்தியைப் பார்க்கப் போயிருக்கிறார் இந்தப் பெண். எண்ணூர் முகத்துவாரத்தில் உடம்பெல்லாம் எண்ணெய் அப்பி, சிறகை விரிக்க முடியாமல் உட்கார்ந்திருந்த கூழைக்கடாக்களை அப்போது பார்த்தார். "அன்னைக்கு ராத்திரி சோறு இறங்கலை" என்று எழுதியிருக்கிறார். அதிலிருந்து கடல் உயிரியல் படிக்க வேண்டும், எண்ணெய்க் கசிவை ஆராய வேண்டும், கொட்டிய எண்ணெயை மருந்து தெளித்து ஒரே நாளில் கழுவிவிடும் வழியைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று ஒரே நினைப்பு.

அப்பா ஒரே வரியில் முடித்துவிட்டார்: "சேலத்துல கடலே கிடையாது. லாரிப் பட்டறைக்காரன் புள்ளைக்குக் கடல்ல என்ன வேலை? பி.எட். படி." பெரியப்பா சங்ககிரியில் ஒரு வரன் பார்த்து வைத்திருக்கிறார். இதற்கு நடுவே ஒரு தனியார் பயிற்சி மையம், ஆறு மாத 'சர்வதேச எண்ணெய்க் கசிவு மேலாண்மை டிப்ளமோ' முடித்தால் வளைகுடா நாட்டில் வேலை உறுதி என்கிறது. கட்டணம் 2,80,000 ரூபாய். சேரும்போது அசல் சான்றிதழ்களை அவர்களிடம் ஒப்படைக்க வேண்டுமாம். சீட்டு எடுத்த பணத்தை அப்பாவுக்குத் தெரியாமல் கட்டிவிட அம்மா தயாராக இருக்கிறார்.

அவருடைய கேள்விகள்: அந்த டிப்ளமோவில் சேரலாமா? கடல் இல்லாத ஊரில் பிறந்தது ஒரு குறையா? நீச்சல் தெரியாது, ஏற்காடு பஸ்ஸில் மூன்றாவது வளைவிலேயே வாந்தி எடுப்பேன், நான் கப்பலில் என்ன செய்வேன்? அப்பா சம்மதிக்காவிட்டால் படிக்க எனக்கு உரிமை இருக்கிறதா?

அன்புள்ள வாசகிக்கு,

நானும் உங்கள் ஜில்லாக்காரிதான், ஆத்தூர். முப்பது வருடத்துக்கு மேல் கடலோர மாசு ஆய்வில் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவள். 'நீங்கள்' என்றுதான் எழுதப்போகிறேன், ஆனால் உங்கள் வயதில் எனக்குப் பேத்தி இருக்கிறாள். அதனால் நடுநடுவே கொஞ்சம் அதட்டலாகத் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் அதட்டல் பணத்துக்கு.

அந்த டிப்ளமோ வேண்டாம்

எண்ணெய்க் கசிவைக் கையாளச் சர்வதேசப் பயிற்சி என்று ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. 1990இல் நாடுகள் சேர்ந்து செய்துகொண்ட ஓர் ஒப்பந்தத்தை ஒட்டி, சர்வதேசக் கடல்சார் அமைப்பு அதை மூன்று நிலைகளாகப் பிரித்திருக்கிறது. களத்தில் இறங்குகிறவர்களுக்கு ஒன்று, மேற்பார்வையாளர்களுக்கு ஒன்று, நிர்வாகிகளுக்கு ஒன்று. ஆனால் இவை சில நாட்களில் முடிகிற வகுப்புகள். துறைமுகத்திலும் எண்ணெய் நிறுவனத்திலும் ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களை அவர்களுடைய நிறுவனமே அனுப்பிவைக்கும். கல்லூரி முடித்த பிள்ளையை ஆறு மாதம் உட்காரவைத்து 'சர்வதேச' என்று பெயர் போட்ட தாளைக் கொடுத்தால், அதை வைத்துக்கொண்டு எந்தத் துறைமுகமும் வேலை தராது.

வெளிநாட்டு வேலை உறுதி என்கிறார்களே, அதற்கும் சட்டம் இருக்கிறது. 1983ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் மத்திய அரசிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள். அரசின் இ-மைக்ரேட் தளத்தில் அது இருக்கிறதா என்று நீங்களே பார்த்துவிடலாம். பதிவு பெற்ற முகவரேகூட சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம். இங்கே படிப்புக் கட்டணம் என்ற பெயரில் ஒன்பது மடங்குக்கு மேல் கேட்கிறார்கள். எனக்கு அது படிப்பாகத் தெரியவில்லை.

அப்புறம் அசல் சான்றிதழ். பல்கலைக்கழகங்களும் கல்லூரிகளுமே மாணவர்களின் அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கக் கூடாது, சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் சொல்லிவிட்டது. பயிற்சி மையம் அதைக் கேட்பது எதற்கு? நடுவில் நீங்கள் விலகினால் மீதிப் பணத்தை வசூலிக்க. வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

அம்மாவிடம் சொல்லுங்கள், சீட்டுப் பணம் சீட்டுப் பணமாகவே இருக்கட்டும். கொலுசுக்குப் பொடி வைத்துப் பற்றவைக்கிற கண் எரிச்சல் எனக்குத் தெரியும், எங்கள் தெருவிலும் அந்த வேலை உண்டு. அந்தக் காசு உங்கள் எம்.எஸ்சி. விடுதிக் கட்டணத்துக்குத் தேவைப்படும்.

கூழைக்கடாவும் கடற்புழுவும்

அடுத்தது உங்கள் மனதில் இருக்கும் படம். எண்ணெய் அப்பிய பறவையைப் பிடித்துக் கழுவி விடுவது வனத்துறை, கால்நடை மருத்துவர், பயிற்சி பெற்ற தன்னார்வலர்களின் வேலை. எண்ணெய்க் கசிவை ஆராயும் கடல் உயிரியலாளருக்குப் பறவையோடு அவ்வளவு பழக்கம் இருக்காது. எங்கள் நாளில் பெரும்பகுதி சேற்றோடுதான்.

படகில் போய், 'கிராப்' என்கிற இரும்பு வாய் ஒன்றைக் கயிற்றில் இறக்கி, கடலடிச் சேற்றை அள்ளி எடுப்போம். அரை மில்லிமீட்டர் கண்ணுள்ள சல்லடையில் போட்டுக் கழுவினால் கடற்புழு, குட்டி மட்டி, நூல் மாதிரி கால் உள்ள இறால் இனங்கள் எல்லாம் தங்கும். ஃபார்மலினில் போட்டு, ரோஸ் பெங்கால் சாயம் ஏற்றி, நுண்ணோக்கிக்கு அடியில் ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். ஒரு இடத்தில் முப்பது வகை இருந்தது, இப்போது 'கேப்பிடெல்லா' என்கிற ஒரே புழு மட்டும் ஆயிரக்கணக்கில் நெளிகிறது என்றால், அங்கே கழிவு அதிகம், பிராணவாயு குறைவு என்று சேறே சொல்லிவிடும். கழுத்து வலிக்கும், ஃபார்மலின் வாடை முடியில் ஏறும். இதைப் படித்ததும் 'அவ்வளவுதானா' என்று தோன்றினால் இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள். 'அந்தப் புழு மட்டும் எப்படிப் பிழைத்தது' என்று தோன்றினால் நீங்கள் எங்கள் ஆள்.

2017 ஜனவரி 28 அதிகாலை எண்ணூர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. முதலில் கொஞ்சம்தான் கசிந்தது என்றார்கள், பிறகு கணக்கு நூறு டன்னைத் தாண்டியது. கெட்டியான உலை எண்ணெய். எர்ணாவூரில் கடலரிப்பைத் தடுக்கப் போட்ட கல் வரிசைகளுக்கு இடையே அது புளிக்குழம்பு மாதிரி தேங்கி நின்றது. கடலோரக் காவல்படையினரும் மீனவர்களும் கல்லூரிப் பிள்ளைகளும் வாளியில் அள்ளி அள்ளி ஊற்றினார்கள். ஆமைகள் முட்டையிடக் கரைக்கு வரும் பருவம் வேறு.

அதற்குப் பிறகு நாங்கள் உட்கார்ந்த கூட்டங்களில் எல்லாம் திரும்பத் திரும்ப ஒரே கேள்விதான் வந்தது: "இந்தச் சேறு கப்பலால் கெட்டதா, ஏற்கெனவே கெட்டிருந்ததா?" எண்ணூரில் அனல்மின் நிலையச் சாம்பலும் ஆலைக் கழிவும் சாக்கடையும் பல வருடமாகச் சேர்ந்து கிடக்கின்றன. கசிவுக்கு முந்தைய மாதக் கணக்கு யாரிடமாவது இருந்தால்தான் கசிவு எவ்வளவு கெடுத்தது என்று சொல்ல முடியும். நான் எண்ணூரில் சேறு எடுக்கும் திட்டம் ஒன்று அதற்குச் சில வருடம் முன்பு நிதி வராமல் நின்றுபோயிருந்தது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. எண்ணெய் கொட்டாத நாட்களில், யாரும் கேட்காதபோது, மாதாமாதம் போய் எண்ணிவைப்பதுதான் இந்த வேலை. கொட்டிய அன்று ஓடுவது அதில் ஒரு சின்னப் பகுதி.

மருந்து தெளித்து ஒரே நாளில் கழுவும் யோசனைக்கு வருவோம். உலகமே ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தது. 1967 மார்ச்சில் இங்கிலாந்தின் கார்ன்வால் கரைக்கு அப்பால் 'டோரி கேன்யன்' என்ற கப்பல் பாறையில் மோதி, ஒரு லட்சம் டன்னுக்கு மேல் கச்சா எண்ணெய் கடலில் போனது. சோப்பு வகை ரசாயனங்களைக் கொண்டுவந்து பாறைகளில் கொட்டோ கொட்டென்று கொட்டினார்கள். எண்ணெயில் சாகாத நத்தையும் சிப்பியும் அந்த ரசாயனத்தில் செத்தன. தெளிக்காமல் விட்ட பாறைகள் இரண்டு மூன்று வருடத்தில் தேறின. தெளித்த இடங்கள் தேறப் பத்து வருடத்துக்கு மேல் ஆனது. 1989இல் அலாஸ்காவில் 'எக்ஸான் வால்டெஸ்' கொட்டியபோது கொதிநீரைப் பீய்ச்சிக் கரையைக் கழுவினார்கள். அங்கேயும் எண்ணெய்க்குத் தப்பியவை வெந்நீருக்குத் தப்பவில்லை. இன்றைக்கு எண்ணெயைச் சிதறடிக்கத் தெளிக்கும் ரசாயனங்கள் அன்றைக்கு இருந்ததைவிட எவ்வளவோ மேல்தான். ஆனாலும் எங்கே தெளிக்கலாம், எங்கே தொடாமல் விட வேண்டும், அலையாத்திக் காட்டுக்குள் ஆளை இறக்கினால் கால் பட்டு எண்ணெய் இன்னும் ஆழமாகப் போய்விடாதா என்றெல்லாம் முடிவெடுக்கத்தான் உயிரியலாளர் வேண்டும். சில நேரம் எங்கள் அறிக்கையின் கடைசி வரி 'இந்த இடத்தைத் தொடாதீர்கள்' என்று இருக்கும். மக்களுக்கு அதைச் சொல்லிப் புரியவைப்பது பெரிய பாடு.

ஒன்று மறக்காமல் சொல்லிவிடுகிறேன். எங்காவது கசிவு என்று கேள்விப்பட்டு உதவப் போனால் கையுறையும் முகக்கவசமும் காலுறைப் பூட்ஸும் இல்லாமல் கிட்டே போகாதீர்கள். புதிதாகக் கொட்டிய எண்ணெயிலிருந்து பென்சீன் ஆவியாகி வரும், அது இரத்தத்தைக் கெடுக்கக்கூடியது. எண்ணூரில் வெறுங்கையோடு அள்ளிய பிள்ளைகளைப் பார்த்து எனக்குப் பதறியது.

சேலத்தில் கடல் இல்லையா?

உங்கள் அப்பா சொன்னது வரைபடப்படி சரி. தண்ணீர் வரைபடம் பார்த்து ஓடுவதில்லை.

சேர்வராயன் மலையில் பெய்கிற மழை திருமணிமுத்தாறாகச் சேலம் நகருக்குள் வந்து, சாயக் கழிவையும் சாக்கடையையும் வாங்கிக்கொண்டு, நாமக்கல் மாவட்டத்தில் காவிரியில் விழுகிறது. இன்னொரு பக்கம் சரபங்கா நதி ஓமலூர், எடப்பாடி வழியாக அதே காவிரிக்குப் போகிறது. எங்கள் ஆத்தூர் வசிஷ்ட நதி இருக்கிறதே, ஜவ்வரிசி ஆலைகளின் புளித்த வாடையோடு நான் பார்த்து வளர்ந்த நதி, அதுவும் தம்மம்பட்டிப் பக்கமிருந்து வரும் சுவேத நதியும் சேர்ந்து வெள்ளாறாகி, சேத்தியாத்தோப்பு தாண்டிப் பரங்கிப்பேட்டையில் கடலில் கலக்கிறது. பரங்கிப்பேட்டையில், அந்த வெள்ளாற்றின் கரையிலேயேதான் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது. நான் அங்கே சேர்ந்த முதல் வாரம், முகத்துவாரத்தில் எடுத்த தண்ணீரைப் பேராசிரியர் காட்டி, "இது எங்கிருந்து வருது தெரியுமா?" என்றார். தெரியாது என்றேன். "உங்க ஊர்லேருந்துதான்" என்றார். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

கடல் எண்ணெய் என்றாலே கப்பல் விபத்து என்று நினைக்கிறோம். அது செய்தியில் வருவதால். வட அமெரிக்கக் கடல்களைப் பற்றி 2022இல் அமெரிக்க அறிவியல் கழகங்கள் கணக்குப் பார்த்தபோது, நிலத்திலிருந்து மழைநீரோடு அடித்து வரும் எண்ணெய்தான் எல்லாவற்றிலும் பெரிய பங்கு என்று தெரிந்தது. சாலையில் சொட்டுவது, வண்டி கழுவும் இடத்தில் வழிவது, சாக்கடையில் ஊற்றுவது. லாரி ஊரான நம் ஊரை நினைத்துப் பாருங்கள். சேலத்தில் சிந்துகிற ஒவ்வொரு சொட்டும் பூம்புகார் போய்ச் சேர்கிறது என்று நான் சொல்லமாட்டேன். பெரும்பகுதி வழியிலேயே வண்டலில் ஒட்டிக்கொள்ளும். பெருவெள்ளம் வந்தால் அந்த வண்டல் நகரும்.

இங்கேதான் உங்கள் அப்பா வருகிறார். ஒரு சொட்டை விரலில் தொட்டுத் தேய்த்து, மோந்து பார்த்து, 'இது கியர் ஆயில், இது எஞ்சின் ஆயில், இதுல டீசல் கலந்திருக்கு' என்று அவர் சொல்வதைப் பார்த்திருப்பீர்கள். நாங்கள் ஆய்வகத்தில் செய்வதும் அதுதான், விரலுக்குப் பதில் பல லட்ச ரூபாய் கருவி. கச்சா எண்ணெய் ஒவ்வொன்றிலும் பழங்கால நுண்ணுயிர்கள் விட்டுப்போன 'ஹோபேன்' மாதிரி மூலக்கூறுகள் வெவ்வேறு விகிதத்தில் இருக்கும். வெயிலில் லேசான பகுதிகள் ஆவியாகிப் போனாலும், பாக்டீரியா தின்றது போக மிஞ்சினாலும், இவை சுலபத்தில் அழியாது. கரையில் ஒதுங்கிய தார் உருண்டையையும் கப்பல் தொட்டியில் எடுத்த எண்ணெயையும் கருவியில் ஓட்டி, இரண்டுக்கும் அது வரைந்து தரும் கோடுகள் பொருந்துகின்றனவா என்று பார்ப்போம். நீதிமன்றத்தில் நிற்பது அந்தக் கோடுதான். இதை அப்பாவிடம் சொல்லிப் பாருங்கள். 'கடல்ல என்ன வேலை' என்பவருக்கு 'ஆயில் வேலை' என்றால் புரியும்.

இறுதியாண்டுக்கு ஒரு சின்ன ஆய்வறிக்கை எழுத வேண்டியிருக்குமே, அதையும் இங்கேயே எடுங்கள். திருமணிமுத்தாற்றில் நகருக்கு மேலே ஒரு இடம், நகருக்குள் ஒரு இடம், நகருக்குக் கீழே ஒரு இடம். மாதம் ஒருமுறை வண்டலைச் சல்லடையில் அலசி என்னென்ன புழு, என்னென்ன நத்தை என்று எண்ணுங்கள். சிவப்புக் கொசுப்புழுவும் டியூபிஃபெக்ஸ் புழுவும் மட்டும் மிஞ்சும் இடத்தைப் பார்த்தால் நான் மேலே சொன்ன கேப்பிடெல்லாவின் ஆற்றுச் சொந்தக்காரர்களைப் பார்த்த மாதிரி. ஆறு மாதக் கணக்கோடு எம்.எஸ்சி. நேர்காணலுக்குப் போகும் மாணவியைப் பேராசிரியர்கள் லேசில் மறக்கமாட்டார்கள். அந்த டிப்ளமோவைவிட இது பலமடங்கு பேசும், செலவு ஒரு சல்லடை.

ஒரு விஷயம் மட்டும் பார்த்துச் செய்யுங்கள். பட்டறையில் வடிக்கும் பழைய ஆயில் 2016ஆம் ஆண்டு விதிகளின்படி அபாயகரக் கழிவு. சென்ட்ரிங் பலகைக்குப் பூச என்று கேட்டு வருகிறவர்களுக்குக் கேனில் ஊற்றிக் கொடுப்பது ஊர் வழக்கமாக இருக்கலாம், ஆனால் அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் போக வேண்டும். இதை வீட்டில் சண்டையாக ஆரம்பிக்க வேண்டாம். முதல் எம்.எஸ்சி. விடுமுறையில் வந்து பேசிக்கொள்ளலாம்.

வாந்தியைப் பற்றி இவ்வளவு கவலையா? டார்வின் பீகிள் கப்பலில் போன ஐந்து வருடமும் கடல் குமட்டலால் கஷ்டப்பட்டவர். நான் முதல்முறை விசைப்படகில் ஏறியபோது பரங்கிப்பேட்டைக் கரை மறைவதற்குள் இரண்டு முறை எடுத்துவிட்டேன். படகோட்டி அண்ணன் திரும்பிக்கூடப் பார்க்காமல், "வயித்தக் காலியா வெச்சுக்கிட்டு வராதம்மா" என்றார். அதுதான் முதல் பாடம். காய்ந்த பண்டமாகக் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டு ஏற வேண்டும், கண்ணை அடிவானத்தில் வைக்க வேண்டும், கீழ்த்தட்டுக்குப் போகக் கூடாது. மாத்திரை உண்டு, மருத்துவரிடம் கேட்டு எடுக்கலாம், தூக்கம் வரும். பெரும்பாலானவர்களுக்கு இரண்டு மூன்று நாளில் உடம்பு பழகிவிடும். ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு போகிறவர்கள் நாங்கள், எனக்குப் பழகியது என்றால் உங்களுக்கும் பழகும். நீச்சலைச் சேலத்திலேயே ஒரு கோடை விடுமுறையில் கற்றுக்கொள்ளலாம். முக்குளிப்பு பவளப்பாறை ஆய்வாளர்களுக்குத்தான் கட்டாயம் மாதிரி. பெண்கள் கப்பலில் போகலாமா என்று பெரியப்பா கேட்டால், 1983இல் அண்டார்க்டிகாவுக்குப் போன இந்தியக் குழுவில் அதிதி பந்த் என்ற கடலியலாளர் இருந்தார் என்று சொல்லுங்கள். நாற்பது வருடம் ஆகிவிட்டது.

படிப்பு, சம்பளம், காத்திருப்பு

எம்.எஸ்சி. கடல் உயிரியலுக்குப் பரங்கிப்பேட்டையை முதலில் வைக்கிறேன், அது என் பாசம். கொச்சிப் பல்கலைக்கழகத்துக்கு அவர்களே நடத்தும் நுழைவுத் தேர்வு. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் துறை போர்ட் பிளேரில் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) இருக்கிறது, அதற்கு முதுநிலை க்யூட் என்கிற பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். கடலே இல்லாத திருச்சியில் பாரதிதாசன் பல்கலைக்கழகம் கடல் அறிவியல் துறை நடத்துகிறது, அப்பாவிடம் இதையும் சொல்லலாம். எங்கே சேர்ந்தாலும் இரண்டை விடாதீர்கள்: வேதியியல், புள்ளியியல். விலங்கியல் பிள்ளைகள் இந்த இரண்டையும் பார்த்தால் ஓடுவார்கள். எண்ணெய் ஆய்வில் பாதி வேதியியல்தான்.

இனி கசப்பான பகுதி. சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்கிற இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப் படியும் வரும். கிடைக்காவிட்டால் திட்டப் பணியாளராக அதைவிடக் குறைவாக, வருடா வருடம் நீட்டிக்கப்படும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். எம்.எஸ்சி. இரண்டு வருடம், பிஎச்.டி. ஐந்தாறு வருடம். பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடலோர ஆய்வு மையம், கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனம், கசிந்த எண்ணெய் எந்தப் பக்கம் நகரும் என்று கணித்துச் சொல்லும் ஹைதராபாத் மையம், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் என்று இடங்கள் இருக்கின்றன. நிரந்தர வேலைகள் அங்கே கொஞ்சம்தான், அவையும் எப்போதாவதுதான் வரும். முப்பது வயதில் நிரந்தர வேலையில் இருப்பேன் என்று அப்பாவுக்குச் சத்தியம் செய்து கொடுக்காதீர்கள். நான் நிரந்தரமானபோது எனக்கு 36.

தனியாரில் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு செய்யும் ஆலோசனை நிறுவனங்கள் ஆள் எடுக்கின்றன. எம்.எஸ்சி. முடித்ததும் சேரலாம், களப் பயிற்சி நிறையக் கிடைக்கும். ஒரு எச்சரிக்கை: நான் சில மாதம் வேலை பார்த்த ஓர் இடத்தில், நான் எழுதிய 'ஆமைகள் முட்டையிடும் கரை' என்ற வரியை 'ஆமைகள் எப்போதாவது காணப்படும் கரை' என்று மாற்றச் சொன்னார்கள். மாற்றவில்லை, வெளியே வந்துவிட்டேன். அன்றைக்கு எனக்கு வேறு வருமானம் கிடையாது. இப்படி ஒரு நாள் உங்களுக்கும் வரலாம், அதற்காகவாவது ஆறு மாதச் செலவுக்குப் பணம் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

பி.எட்.டைத் திட்ட மாட்டேன். நல்ல ஆசிரியர் இல்லாமல் நான் ஆத்தூரை விட்டு நகர்ந்திருக்க மாட்டேன். ஆனால் அப்பா நினைக்கிற மாதிரி அதுவும் கையில் வேலை கிடையாது. டெட் என்கிற தகுதித் தேர்வு, அப்புறம் டி.ஆர்.பி. என்கிற ஆசிரியர் தேர்வு வாரியம், அப்புறம் பணியிடம், எல்லாவற்றுக்கும் வரிசை உண்டு. எம்.எஸ்சி. முடித்த பிறகும் பி.எட். படிக்கலாம், அந்தக் கதவு மூடுவதில்லை.

உரிமையும் கையெழுத்தும்

உங்களுக்கு 21 வயது. என்ன படிப்பது, யாரைக் கட்டிக்கொள்வது என்று முடிவெடுக்கும் உரிமை சட்டப்படி உங்களுடையது. உங்கள் சம்மதமில்லாமல் யாரும் கல்யாணம் செய்துவைக்க முடியாது. இதில் சந்தேகமே வேண்டாம்.

ஆனால் கல்விக் கடன் விண்ணப்பத்தில் அப்பாவோ அம்மாவோ இணைக் கடன்தாரராகக் கையெழுத்துப் போட ஒரு கட்டம் இருக்கிறது. 4 லட்சம் ரூபாய் வரை வங்கி பிணை கேட்கக் கூடாது, அரசுப் பல்கலைக்கழக எம்.எஸ்சி.க்கு அது தாராளமாகப் போதும். கையெழுத்து மட்டும் வேண்டும். அதனால் 'எனக்கு உரிமை இருக்கு' என்று ஆரம்பிக்கும் பேச்சு உங்களை விடுதி வரைக்கும் கொண்டுபோகாது.

கடிதத்தில் ஒரு வரி என் கண்ணில் பட்டது. அப்பா பி.எட். என்று சொல்லிவிட்டு, "எண்ணெய்லயே எம் பொழப்பு போச்சு, நீயாவது வெள்ளைத் துணி போட்டு வேலைக்குப் போ" என்றாராம். நீங்கள் இதைப் போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். எனக்கு அவருடைய எதிர்ப்பு முழுவதும் அந்த வரியில்தான் இருக்கிறது என்று படுகிறது. மகள் நகத்திலும் அந்தக் கறுப்பு ஏற வேண்டாம் என்கிறார். கடல், கப்பல், சேலம் எல்லாம் அதற்குப் பிறகு வந்த காரணங்கள். அதற்குப் பதில் சொல்லுங்கள். பொய் சொல்ல வேண்டாம், கறுப்பு ஏறத்தான் செய்யும்.

அம்மாவோடு சேர்ந்து மறைத்து எதையும் செய்யாதீர்கள். பிறகு தெரிய வரும்போது அடி அம்மா மேல்தான் விழும். சங்ககிரி வரன் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை, பிடித்திருக்கிறதா இல்லையா என்றுகூட. 'எம்.எஸ்சி. இரண்டு வருடம் முடியட்டும்' என்று நீங்களே பெரியப்பாவிடம் சொல்லுங்கள். காத்திருக்க மறுக்கும் குடும்பம் பிஎச்.டி.க்கு எப்படியும் ஒத்துவராது, அதுவும் இப்போதே தெரிந்துவிடும்.

கையெழுத்து கேட்பதற்கு முன் ஒரு நாள் அப்பாவைப் பரங்கிப்பேட்டைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். ஆத்தூர், விருத்தாசலம் வழியாகப் போனால் வெள்ளாறு கூடவே வருகிற மாதிரி இருக்கும். முன்கூட்டி எழுதிக் கேட்டால் மையத்தின் அருங்காட்சியகத்தைப் பார்க்கலாம். பிறகு முகத்துவாரத்துக்கு நடங்கள். மணலில் எங்கேயாவது கறுப்பாக ஒரு உருண்டை கிடந்தால் குச்சியால் எடுத்து அவரிடம் காட்டி, இது என்ன ஆயில் என்று கேளுங்கள். அவர் மோந்து பார்க்காமல் இருக்கமாட்டார்.

காலில் ஒட்டிக்கொண்டால் தண்ணீரில் போகாது. பையில் ஒரு பழைய துணியும் கொஞ்சம் தேங்காய் எண்ணெயும் வைத்துக்கொள்ளுங்கள், தேய்த்துத் துடைத்தால் வந்துவிடும். அப்பா டீசல் போதும் என்பார், வேண்டாம், தோல் வெந்துவிடும் என்று சொல்லுங்கள்.